ஷூ வாங்க ஆம்பூர்

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஆம்பூரில் நிற்கும் கார்கள் எல்லாம் பிரியாணிக்காக நிற்பவை அல்ல. ஏற்றுமதிக்குப் போக மிஞ்சிய ஷூ, பெல்ட், பர்ஸ் விற்கும் கடைகளைத் தேடி வருவோரும் உண்டு. தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் பரிசு வாங்க நல்ல இடம்தான், கண் கூர்மையாக இருந்தால்.

ஆர்டருக்கு மேல் தைத்தது ஒரு ரகம்; தரச் சோதனையில் கழித்தது இன்னொரு ரகம். இரண்டாவதைப் புரட்டிப் பார்க்காமல் வாங்கக் கூடாது. சோல் ஒட்டிய விளிம்பில் நகம் நுழைகிறதா, இரண்டு காலுக்கும் தோல் ஒரே நிறமா, உள்ளே லைனிங் சுருங்கியிருக்கிறதா? மிச்சச் சரக்கில் அதே மாடல் வேறு அளவில் கிடைப்பதும் அரிது. மச்சானின் கால் அளவு தெரியாதவர்கள் பர்ஸோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

வரியிலும் மிச்சம் பிடிக்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் ஜோடி 2,500 ரூபாய் வரையிலான காலணிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். முன்பு ஆயிரத்தைத் தாண்டினாலே 18. வரிக்கு முன் 2,000 ரூபாய் ஷூவில் 260 ரூபாய் குறைகிறது.

2,500-ஐத் தாண்டினால் பழைய 18தான். வரி நீங்கலாக 2,550 சொல்லும் கடைக்காரரிடம் ஐம்பது ரூபாய்க்குப் பேரம் பேசினால், வரியில் மட்டும் 334 ரூபாய் மிஞ்சும்.