இரவல் தீர்ப்பு

நூல் மதிப்புரை எழுதத் தொடங்கும் எவரும் தாம் விரும்பிப் படித்த திறனாய்வாளர் ஒருவரின் நடையிலேயே முதலில் எழுதுகிறார். இதில் குற்றம் காண்பதற்கில்லை. சீறாப்புராணத்தைப் படிக்கையில் கம்பரின் ஓசை காதில் விழத்தான் செய்கிறது. அதனால் உமறுப்புலவரின் புகழ் மாற்றுக் குறைந்துவிடவில்லை. ஆயினும், கவிஞன் பிறர் நடையைக் கைக்கொள்வதும் மதிப்புரையாளன் கைக்கொள்வதும் ஒன்றாகா என்றே நமக்குத் தோன்றுகிறது. கவிஞன் இரவல் பெறுவது ஓசையை. மதிப்புரையாளனோ ஓசையோடு தீர்ப்பையும் சேர்த்தே வாங்கிவிடுகிறான்.

இதனை நாம் பட்டறிந்தே சொல்கிறோம். இளமையில் க. நா. சுப்ரமண்யம் (1912-1988) அவர்களின் விமரிசனங்களில் மனத்தைப் பறிகொடுத்திருந்தோம். நீண்ட விளக்கம் இராது. தேறியது இது, தேறாதது இது என்று இரண்டொரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். முடிவைச் சொல்கிறார், காரணம் காட்டுவதில்லை என்று குறைபட்டோர் உண்டு. 1959-இல் 'எழுத்து' ஏட்டைத் தொடங்கிய சி. சு. செல்லப்பா அலசல் முறையே வேண்டுமென்று வாதாடியவர். அந்த வழக்கு இருக்கட்டும். நமக்கு அச்சுருக்கம் பிடித்திருந்தது; உண்மையைச் சொன்னால், எளிதாகவும் இருந்தது.

அந்நாளில் பெரியவர் ஒருவர் தம் கைப்பொருளைச் செலவிட்டு அச்சிட்ட கவிதைத் தொகுதி நம்மிடம் மதிப்புரைக்கு வந்தது. நான்கே வரியில் அதனைத் தள்ளினோம். க. நா. சு. எழுதினாற்போலவே இருக்கிறதென்று நண்பர்கள் மெச்சினர், நாமும் மகிழ்ந்துபோனோம். பத்து நாள் கழித்து அப்பெரியவரிடமிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. சினமோ வசையோ இல்லை. "தம்பி, எந்தப் பக்கம்வரை படித்தீர்கள் என்று தெரிவித்தால் நான் திருத்திக்கொள்ள உதவும்" என்று மட்டும் எழுதியிருந்தார்.

நட் ஹாம்சனின் நாவலை 'நிலவளம்' என்றும், செல்மா லாகர்லெவின் நாவலை 'மதகுரு' என்றும் தமிழுக்குத் தந்தவர் க. நா. சு. அவருடைய ஒரு வரிக்குப் பின்னால் அத்தனை படிப்பும் உழைப்பும் நின்றன. நமது நான்கு வரிக்குப் பின்னால் நின்றவை 17 பக்கங்கள்!

நாகூரில் பிறந்த நீதிபதி மு. மு. இஸ்மாயில் (1921-2005) அவர்களை இவ்விடத்தில் நினைத்துக்கொள்கிறோம். ரசிகமணி டி. கே. சி. (1882-1954) கம்பரைப் பாடிக்காட்டிச் சுவைக்கச் செய்த முறை பலரையும் ஈர்த்திருந்தது. அதன் மயக்கில் அவரைப் போலவே பேச முற்பட்டோரும் இருந்தனர். இஸ்மாயில் அவர்கள் அவ்வழியில் செல்லவில்லை. வாலி வதையைப் பற்றி அவர் எழுதிய நூலின் பெயர் 'மூன்று வினாக்கள்'. இரு தரப்பையும் கேட்டுப் பழகிய மனம் அப்பெயரிலேயே தெரிகிறது. அந்த நடையை அவர் எங்கும் போய்த் தேடவில்லை. அவர் படித்த முறையே நடையாயிற்று.

அஞ்சலட்டை வந்தபின் அத்தொகுதியை முழுவதும் படித்தோம். பெரும்பாலானவை நல்ல கவிதைகள் அல்ல என்ற முடிவு மாறவில்லை. தீர்ப்பு சரிதான், ஆனால் அன்று அதனை வழங்க நமக்கு உரிமையிருக்கவில்லை. 41-ஆம் பக்கத்தில், கப்பலேறிப் போன மகன் வாசலில் விட்டுச்சென்ற செருப்பை, மழை வருகிறதென்று தாய் உள்ளே எடுத்து வைப்பதாக எட்டு வரிகள் இருந்தன. அவற்றைப் பற்றி அவருக்கு மூன்று பக்கக் கடிதம் எழுதினோம். பல இடங்களில் அடித்துத் திருத்திய கடிதம் அது. யாருடைய நடையிலும் இல்லை.