பாடியவர்: பெண், வயது 68

பாவலர் வரதராசனின் கச்சேரியில் பெண்குரல் தேவைப்பட்ட இடங்களை அவருடைய தம்பி ராசையா பாடுவார். மீசை முளைக்காத வயது. குரல் உடைந்ததும் அந்த இடம் போய்விட்டது; ஆர்மோனியத்தின் பக்கம் நகர்ந்தார். இளையராஜாவே சொல்லியிருக்கும் கதை இது. பண்ணைப்புரத்துக்குப் பக்கத்து ஊர்க்காரி நான். சின்ன வயதிலிருந்து இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். சிரிப்பு நின்றது பிற்பாடுதான்.

அவை கம்யூனிஸ்ட் கட்சிக் கூட்டங்களுக்காக நடந்த கச்சேரிகள். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் கட்சியின் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ். அவருக்கு ஓட்டுக் கேட்டு அந்த மலைத்தோட்டங்களில் பாவலரின் பாட்டு ஒலித்தது. ஒரு பெண் தேர்தலில் நிற்கலாம், ஜெயிக்கலாம். கச்சேரி மேடையின் பெண்குரலுக்கு மட்டும் ஒரு பையன் வேண்டியிருந்தது. எங்கள் பள்ளத்தாக்கில் பாடும் பெண்களுக்கா பஞ்சம்? முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் இருபோக நிலம் மட்டும் 14,707 ஏக்கர். அத்தனையிலும் நாற்று நட்டவர்கள் பெண்கள். குலவை போட்டுத் தொடங்கினால் கரையேறும்வரை பாட்டுதான். ஆனால் அது பகலில், வயலுக்குள், முதுகு வளைத்துப் பாடுவது. அதே பாட்டை ராத்திரியில் மைக் முன்னால் நிமிர்ந்து நின்று பாடியிருந்தால் அவளுக்கு ஊர் வேறு பெயர் வைத்திருக்கும். குரல் வேண்டும், குரலுக்குரியவள் வேண்டாம்.

அந்தப் பையனின் பயணம் நீளமானது. தாய் சின்னத்தாயம்மாள் ரேடியோவை விற்றுக் கொடுத்த 400 ரூபாயோடு சென்னைக்குப் போனார். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்றார், ஜி.கே. வெங்கடேஷின் குழுவில் கிட்டார் வாசித்தார். 1976-இல் ‘அன்னக்கிளி’. கிராமத்து மெட்டு அதற்கு முன்பும் சினிமாவில் உண்டு; கே.வி. மகாதேவனைக் கேட்டவர்களுக்குத் தெரியும். இவர் செய்தது வேறு. வயல்காட்டு மெட்டுக்கு அடியில் பேஸ் கிட்டாரைத் தனியாக ஒரு பாட்டுப் பாடவிட்டார். தானே எழுதினார், பாடினார், வாசித்தார். 1986-இல் பாக்கையும் தியாகராஜரையும் ஒரே இசைத்தட்டில் உட்கார வைத்தார். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அவருடைய சிம்பொனி அரங்கேறியது. மகளிர் நாள். தற்செயல்தான், ஆனால் என் மனம் சும்மா இருக்கவில்லை.

2017-இல், தன் பாடல்களை அனுமதியின்றி மேடையில் பாடக்கூடாதென்று எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கு அவர் நோட்டீஸ் அனுப்பியபோது ஊரே அவரைப் பேராசைக்காரர் என்றது. என் வகுப்பறையிலும் அப்படித்தான். நான் ஒப்புக்கொள்ளவில்லை. தலைமுறை தலைமுறையாக உழைப்பு வாங்கப்பட்டு, பெயர் மறுக்கப்பட்ட சமூகத்திலிருந்து வந்த ஒருவர் ‘இது என்னுடையது’ என்று சொல்லும்போது, கலை எல்லோருக்கும் பொது என்று நாம் பாடம் நடத்தக் கூடாது. சொத்துள்ளவர்களிடம் அந்தப் பாடத்தை நாம் நடத்துவதில்லை. 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டமும் இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் ராயல்டியில் பங்கை உறுதிசெய்தது. நியாயம்.

இதை மாணவிகளிடம் ஆவேசமாகப் பேசிவிட்டு வந்த ஒரு சாயங்காலம்தான் என் முனைவர் பட்ட ஆய்வேட்டைப் பல ஆண்டுகளுக்குப் பின் பிரித்தேன். பின்னிணைப்பில் 43 நடவுப் பாட்டுகளும் ஒப்பாரிகளும். ஒவ்வொன்றின் கீழும்: ‘பாடியவர்: பெண், வயது 68’, ‘பாடியவர்: பெண், வயது 55’. அந்த 68 வயதுப் பெண் என் அம்மாச்சி. அச்சேறிய ஆய்வேட்டை அவர் மடியில் வைத்தபோது, எழுத்துத் தெரியாத அவர் பக்கத்தைத் தடவிவிட்டு, “எம் பேரு எங்கத்தா இருக்கு?” என்று கேட்டார். நாட்டுப்புறப் பாடலுக்கு ஆசிரியர் கிடையாது, அம்மாச்சி, அது மக்களுடையது என்றேன். அப்படித்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவர் தலையாட்டினார். அட்டையில் என் பெயர் தங்க எழுத்தில் இருந்தது.

பாட்டு அவருடையதுதானா? கேட்டிருந்தால், “எங்க அத்தை பாடுனது” என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் அத்தை பாடியதை அவர் அப்படியே பாடவில்லை. கூலியைக் குறைத்த கங்காணியும், ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பும் அதில் ஏறிக்கொண்டார்கள். ஒரே ஒப்பாரியைத் தங்கைக்கு ஒரு மாதிரியும், தன்னை அடித்த தாத்தாவுக்கு வேறு மாதிரியும் பாடினார். இரண்டாவதில் அழுகை குறைவு, கணக்குவழக்கு அதிகம். வாங்கியதை மாற்றிப் புதிதாக்குவதுதான் படைப்பு என்றால், பண்ணைப்புரத்துக்காரர் செய்ததும் அம்மாச்சி செய்ததும் ஒரே வேலை. ஒருவரிடம் எழுதப்பட்ட இசைக்குறிப்பு இருக்கிறது. இன்னொருவரிடம் நான் இருந்தேன், கையில் டேப் ரிக்கார்டரோடு. ஆய்வு முறைமை என்று பழியை அதன்மேல் போடலாம்தான். பேத்திக்குப் பெயர் தெரியாதா?

இரண்டு வருடமாக அந்தப் பின்னிணைப்பைத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன். பழைய கேசட்டுகளைக் கேட்டு, குரலை வைத்து ஆளைக் கண்டுபிடித்து, வீடு வீடாகப் போகிறேன். பலர் இல்லை. பிள்ளைகளுக்கு அம்மாவின் பெயர் தெரிந்திருக்கிறது, அம்மா பாடியது தெரியவில்லை. கேசட்டைப் போட்டால், “இது எங்கம்மாவா?” என்கிறார்கள். இதுவரை 31 பெயர்கள்.

சின்னமனூர்ப் பக்கம் ஒரு பெண்மணி இன்னும் இருக்கிறார், வயது 74. அவர் ஒப்பாரிதான் இருப்பதிலேயே நல்லது. புத்தகத்தில் பெயர் போடப்போகிறேன் என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். “வேண்டாந்தாயி. எழவு வீட்டுல பாடுறவன்னு பேத்தி வாக்கப்பட்ட வீட்டுல ஏளனமாப் பேசுவாக.” நான் வாதாடினேன், கலை என்றேன், மரியாதை என்றேன். அவர் காப்பி போட எழுந்துபோனார். அவர் குரலுக்கு மேடை மறுத்த அதே ஊர்தான் பேத்தியின் புகுந்த வீட்டிலும் உட்கார்ந்திருக்கிறது. அதை நான் ஒருநாள் பேச்சில் காலிசெய்துவிட முடியாது. அவர் பெயரை அவர் விருப்பத்துக்கு மாறாக அச்சிடுவதும், கேட்காமலே விட்டதைப் போன்ற ஒரு பறிப்புதான்.

அந்த ஒப்பாரியின் கீழே ‘பாடியவர்: பெண், வயது 74’ என்று எழுதி, அவருக்கு வாசித்துக் காட்டினேன். வயதை 70 என்று போடச் சொன்னார். போட்டேன்.