எதிர் பிளாட்பாரத்தில் ஒரு கிடார்

1964 மே 7 அன்று மான்செஸ்டரின் வில்பிரகாம் ரோடு ரயில் நிலையத்துக்கு ஒரு ரயில் வந்து நின்றது. பயணிகள் போக்குவரத்து 1958-லேயே நின்றுபோன ஸ்டேஷன் அது. வந்து இறங்கியவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். கிரனாடா தொலைக்காட்சி எடுத்த 'புளூஸ் அண்ட் காஸ்பல் டிரெயின்' நிகழ்ச்சியின் பார்வையாளர்கள். தயாரிப்பாளர் ஜானி ஹாம்ப் அவர்களை ஒரு பிளாட்பாரத்தில் உட்கார வைத்தார். பாடகர்களுக்கு எதிர் பிளாட்பாரம். நடுவே தண்டவாளம்.

மடி வாட்டர்ஸ், கஸின் ஜோ என்று பெரிய ஆட்களெல்லாம் பாடினார்கள். ஆனாலும் இன்று அந்த நிகழ்ச்சியைத் தேடிப் பார்ப்பவர்கள் முதலில் போய் நிற்பது சிஸ்டர் ரொசெட்டா தார்ப்பிடம்தான். அன்று அவருக்கு வயது 49. குதிரை வண்டியில் வந்து இறங்குகிறார். கோட்டு, குதிகால் உயர்ந்த செருப்பு, தோளில் ஒரு வெள்ளை கிப்ஸன் மின்கிடார். இடையில் மழை பிடித்துக்கொண்டதால், 'டிட்ன்ட் இட் ரெய்ன்' பாட்டிலேயே தொடங்கலாமா என்று அவரே கேட்டதாகச் சொல்வார்கள். நோவா காலத்துப் பெருமழையைப் பற்றிய பழைய பக்திப்பாட்டு அது. நனைந்த பிளாட்பாரத்தில் நின்று அதைப் பாடுகிறார். தரை ஈரம், கையில் மின்கிடார். பார்க்கிற நமக்குத்தான் கொஞ்சம் பதைப்பாக இருக்கிறது.

அவர் கையைக் கவனியுங்கள். ஓர் அடி பாடிவிட்டு வாயை மூடுவார். அடுத்த அடியைக் கிடார் சொல்லும். நடுவில் பாட்டை அப்படியே விட்டுவிட்டுக் கம்பிகளோடு மட்டும் பேசுவார். ராக் கச்சேரிகளில் கிடார்க்காரர் முன்னால் வந்து தனியாக வாசிக்கும் அந்தக் கட்டம் பிற்பாடு பெரிய ஆண்பிள்ளை வித்தையாகிப் போனது. இங்கே அது தேவாலயத்திலிருந்து நேராக வருகிறது. போதகர் ஒரு வாக்கியம் சொல்ல, சபை திருப்பிச் சொல்லும் கறுப்பினத் தேவாலய வழக்கம்தான் அதன் மூலம். தார்ப் வாசிக்கும்போது சபையின் வேலையைக் கிடார் எடுத்துக்கொள்கிறது. மான்செஸ்டரில் சபையோ தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். கிடாருக்கு அன்று வேலை கூடுதல்.

எல்லாத் தேவாலயமும் இதற்கு இடம் கொடுத்ததில்லை. ஆர்கனும் அடக்கமான பாட்டும்தான் மரியாதை என்று நினைத்த கறுப்பினச் சபைகள் நிறைய இருந்தன. தார்ப் வளர்ந்தது 'சர்ச் ஆஃப் காட் இன் கிரைஸ்ட்' என்ற பெந்தெகொஸ்தே சபையில். தம்புரோடும் நடனத்தோடும் கர்த்தரைத் துதிக்கச் சொல்கிற 150-ஆம் சங்கீதத்தை அவர்கள் சொன்னது சொன்னபடி எடுத்துக்கொண்டார்கள். முரசு, கஞ்சிரா, கிடார் எல்லாம் உள்ளே வந்தன. அவருடைய அம்மா கேட்டி பெல் நூபின் மாண்டலின் வாசித்துக்கொண்டே ஊழியம் செய்தவர். ஆர்கன்சாவின் காட்டன் பிளான்ட்டில் 1915-இல் பிறந்த பெண், சிறுவயதிலேயே அம்மாவோடு சிகாகோவுக்குப் போய், அங்கே சபையில் கிடாரோடு பாடி வளர்ந்தார்.

1938-இல் டெக்கா இசைத்தட்டு நிறுவனம் அவரைப் பதிவு செய்தது. அதே ஆண்டு நியூயார்க்கின் காட்டன் கிளப் மேடையிலும் ஏறினார். சாராயம் புழங்கும் இடத்தில் கர்த்தர் பாட்டா என்று சபையார் பலர் முகம் சுளித்தார்கள். அந்த மனத்தாங்கல் கடைசிவரை முழுதாகத் தீரவில்லை. 1944-இல் சாமி பிரைஸின் பியானோவோடு பதிவான 'ஸ்ட்ரேஞ்ச் திங்ஸ் ஹேப்பனிங் எவ்ரி டே' மறு ஆண்டு பில்போர்டின் கறுப்பின இசைப் பட்டியலில் ஏறியது. எல்விஸ் பிரெஸ்லியின் முதல் இசைத்தட்டு வர இன்னும் ஒன்பது வருடம் இருந்தது. தார்ப்பின் அந்தப் பாட்டைக் கேட்டால் ராக் அண்ட் ரோலுக்கு இன்ன வருடம், இன்ன ஆள் என்று பிறப்புச் சான்றிதழ் எழுத எனக்குக் கை வரவில்லை.

நிகழ்ச்சியில் எனக்கு ஒட்டாதது ஸ்டேஷனின் ஜோடனை. அமெரிக்கத் தெற்கின் குக்கிராம நிலையம் மாதிரி இருக்கவேண்டுமென்று மூட்டைகள், கோழி, ஆடு எல்லாம் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். தார்ப் அதற்குள் கார்னகி ஹால் மேடையைப் பார்த்து கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. மடி வாட்டர்ஸ் சிகாகோவில் மின்கிடாரால் பெயர் எடுத்தவர். அவர்களைக் கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் நிறுத்தியது இங்கிலாந்தின் கற்பனை. ஆனால் ரயிலைப் பிடித்தார்களே, அதில் தவறில்லை. மோட்சத்துக்குப் போகும் ரயில் காஸ்பல் எனும் தேவாலயப் பாட்டுகளில் அடிக்கடி வருகிற வண்டி. மண்ணில் ஓடிய ரயிலும் உண்டு: மிசிசிப்பியிலிருந்து சிகாகோவுக்கு மடி வாட்டர்ஸ் 1943-இல் வந்ததே ரயிலில்தான். பஞ்சுக்காட்டை விட்டு வடக்கே போன லட்சக்கணக்கானவர்களோடு இந்த இசையும் பெட்டிபடுக்கையோடு ஏறி வந்தது.

தார்ப்பும் மேரி நைட்டும் 1940-களில் சேர்ந்து பாடிப் புகழ்பெற்ற 'அப் அபவ் மை ஹெட்' 1968 டிசம்பர் 3 அன்று மறுபடி தொலைக்காட்சிக்கு வந்தது. என்பிசியில் ஒளிபரப்பான எல்விஸின் சிறப்பு நிகழ்ச்சியில், காஸ்பல் பகுதியில், அவரே அதைப் பாடினார். அவருடைய மேலாளர் கர்னல் பார்க்கர் கேட்டிருந்தது கிறிஸ்துமஸ் பாட்டுகளை. இயக்குநர் ஸ்டீவ் பைண்டர் பிடிவாதமாக வேறு பாதையில் போனதால்தான் இந்தப் பகுதிக்கு இடம் கிடைத்தது. தார்ப் 1973-இல் பிலடெல்பியாவில் இறந்தார். ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அவரைச் சேர்த்துக்கொண்டது 2018-இல். அதுவும் 'ஆரம்பகாலத் தாக்கம்' என்ற பிரிவில். மான்செஸ்டர் படத்தில் அந்த வெள்ளைக் கிடாரை வாசிப்பவரை எந்தக் கணக்கில் முன்னோடி வரிசையோடு நிறுத்தினார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.