ஆண்டவர் என்பது ஆண்பாலா?

யூத வெளியீட்டுச் சங்கம் எபிரேய வேதாகமத்தின் தன் ஆங்கில மொழிபெயர்ப்பைத் திருத்தி 2023இல் வெளியிட்டபோது, கடவுளைச் சுட்டும் ஆண்பால் சொற்களைப் பெரும்பாலும் தவிர்த்தது. அதே ஆண்டு இங்கிலாந்துத் திருச்சபையிலும் இந்தப் பேச்சு எழுந்து பலரைக் கொதிக்க வைத்தது. எபிரேய மூலத்தில் ‘மெலெக்’ என்றால் அரசன்தானே, அதை மாற்ற இவர்கள் யார் என்பது கேள்வி. மூலத்துக்கு உண்மையாக இருக்க வேண்டும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் மூலம் சொல்வது ஆட்சியை. ஆட்சியைக் கொண்டுவருவது மொழிபெயர்ப்பவரின் கடமை. அதோடு ஆண் என்ற உருவத்தையும் ஏற்றுவது அத்துமீறல்.

தமிழருக்கு இதில் தடுமாற்றமே வேண்டாம். தெய்வப் பெயர்களுக்கென்று தனிப் பால் ஈறு இல்லை, உயர்திணை ஈறுகளையே அவை ஏற்று வரும் என்று தொல்காப்பியம் கிளவியாக்கத்திலேயே வகுத்துவிட்டது. இறைவன் ஆணுமல்லன், பெண்ணுமல்லன் என்று நம்மாழ்வார் பாடினார். மாணிக்கவாசகர் அம்மையென்றும் அப்பனென்றும் ஒரே மூச்சில் அழைத்தார். வள்ளுவர் ‘இறைமாட்சி’ என்று பெயரிட்ட அதிகாரம் அரசின் சிறப்பைப் பேசுகிறது. இறை என்ற அந்தச் சொல்லில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை.

உத்திரமேரூர்க் கோயிலில் பக்தர்கள் சேவிப்பது சுந்தர வரதராஜப் பெருமாளை. ராஜன், பெருமாள் இரண்டும் அரசப் பட்டங்கள். கோயில் என்பதே கோவின் இல்லம். அங்கே அரசர் ஆண், சரி. ஆனால் மதுரையில் சித்திரைத் திருவிழாவின் எட்டாம் நாள் முடிசூடிச் செங்கோல் பெறுபவள் மீனாட்சி. ஆவணியில் சொக்கர் முடிசூடும்வரை ஆட்சி அவளுடையது. ‘ஆண்டவர்’ என்பதில் ‘ஆண்’ ஒலிக்கிறது என்று சிலர் மயங்குகிறார்கள். அதன் வேர் ஆள்தல். அதே வேரில் பிறந்தவள்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள்.

எபிரேயத்தில் ‘நீ’ என்ற சொல்லுக்கே ஆண்பால், பெண்பால் உண்டு. ‘நீர்’, ‘தேவரீர்’, ‘அவர்’ என்று வேண்டிக்கொள்ளும் தமிழருக்கு அந்தக் கட்டாயமும் இல்லை. பழைய தமிழ் வேதாகமத்தின் முதல் வசனத்தைப் பாருங்கள்: எழுவாய் ‘தேவன்’, பயனிலை ‘சிருஷ்டித்தார்’. பெயரில் ஆண்பால் ஈறு. வினையில் எவருக்கும் பொருந்தும் மரியாதை ஈறு. 1995இல் வந்த திருவிவிலியம் அந்த இடத்தில் ‘கடவுள்’ என்று எழுதியது. பழைய பாடத்தையே இன்றும் வாசிக்கும் சபைகள் அடுத்த திருத்தத்திலாவது, வினை ஏற்கெனவே காட்டிய மரியாதையைப் பெயருக்கும் கொடுக்கட்டும்.