அணைந்த ஒளியும் அணையா ஒளியும்

நடுநிலைப் பள்ளி மாணவர்க்கு உருவகத்தைக் கற்பிக்கும் ஆசிரியர், பெரும்பாலும் அதன் பெயரைச் சொல்லவைப்பதோடு நின்றுவிடுகிறார். பெயரறிதல் தொடக்கமே, அவ்வுருவகம் மெய்யா என வினவும்போதுதான் கல்வி நிறைவுறும்.

1948 சனவரி 30 அன்று காந்தியடிகள் சுடப்பட்டு இறந்த மாலை, நேரு வானொலியில் பேசினார். நம் வாழ்வின் ஒளி மறைந்தது என்றார். சற்று நேரத்தில், தாம் சொன்னது தவறு என்றும், அது எளிய ஒளியன்று, ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் தெரியும் என்றும் திருத்தினார். உடலை ஒளியெனக் கொண்டால் அது அணைந்தது. அவர் பற்றிநின்ற உண்மையை ஒளியெனக் கொண்டால் அணையவில்லை. இவ்வேறுபாட்டை 12 வயதுச் சிறுவனும் உணர இயலும்.

நாட்டில் பரவிய நஞ்சைக் களைய வேண்டும் என்றும் அவ்வுரை கூறுகிறது. இங்கு ஆசிரியர் சற்றே நிறுத்தி வினவ வேண்டும்: நஞ்சு எது? பகையுணர்வா, பகைவரா? உணர்வெனின் மருந்து தேடுவோம். மனிதரெனின் கத்தி தேடுவோம். வெறிகொள்ளாது, அடிகள் கற்பித்த வழியிலேயே அதனை எதிர்கொள்ள வேண்டும் என்று நேரு சொன்னமையால், விடை உரையிலேயே உள்ளது.

உருவகம் உள்ளத்தை அசைக்கும். அசையுமுன் ஆராயும் பழக்கத்தை இளமையிலேயே ஊட்டுதல் இலக்கணம் கற்பிப்போரின் அறக்கடமையாகும்.