துயரத்துக்கு எத்தனை மாதம்?

2022 மார்ச்சில் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தனது நோய்க் கையேட்டைத் திருத்தி வெளியிட்டது. அதில் புதிதாக இடம்பிடித்த பெயர்களுள் ஒன்று ‘நீடித்த துயரக் கோளாறு’. நெருங்கியவர் இறந்து 12 மாதங்கள் கடந்த பிறகும் ஏக்கம் தணியாமல், அவர் நினைப்பே நாள் முழுதும் ஆட்டிப்படைத்து, அன்றாட வாழ்வு குலைந்து கிடந்தால் அது நோய். உலக சுகாதார நிறுவனம் இன்னும் அவசரக்காரர்: அதன் பட்டியலுக்கு 6 மாதம் போதும்.

அதே மார்ச்சில், இலங்கையின் முல்லைத்தீவில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் நடத்தும் தொடர் போராட்டத்துக்கு ஐந்து வயது நிரம்பியது. 2017 மார்ச் 8 அன்று தொடங்கியது அது. 2009 மே மாதம், உள்நாட்டுப் போரின் கடைசி நாட்களில், வட்டுவாகல் பகுதியில் கணவரையோ பிள்ளையையோ இராணுவத்திடம் கையளித்தோம் என்று சொல்பவர்கள் அவர்களிடையே உண்டு. இவர்களுக்கு அந்த 12 மாதத்தை எந்தத் திகதியிலிருந்து எண்ணுவது?

கையேட்டின்படி எண்ணவே முடியாது. ஒருவர் இறந்திருக்க வேண்டும் என்பதுதான் அதன் முதல் நிபந்தனை.

மரபும் இங்கே ஒரு கையேடுதான். சைவக் குடும்பத்தில் 31ஆம் நாள் அந்தியேட்டி, ஆண்டு முடிவில் திவசம் என்று துயரத்துக்குத் தவணை உண்டு. அழ வேண்டிய நாளில் ஊர் கூடி அழும். எழ வேண்டிய நாளில் எழுப்பிவிடும். ஆனால் அதற்கும் ஒரு சாவு வேண்டும். சாவு நிச்சயமில்லாத வீட்டில் மனைவி பொட்டை அழிப்பதா, வைத்திருப்பதா? எதைச் செய்தாலும் பேச ஆளிருக்கும்.

உளவியலாளர் பிறழ்வை அளக்கப் பழகிய கோல்கள் சில: அரிதாக இருப்பது, சமூக வழக்கத்தை மீறுவது, ஆளுக்கு வேதனை தருவது, வேலை செய்யவோ உறவு பேணவோ விடாமல் முடக்குவது. அரிதானதே பிறழ்வு என்றால், வீட்டுக்கு வீடு இழப்புள்ள ஊரில் நிம்மதியாகத் தூங்குகிறவரைத்தான் பரிசோதிக்க வேண்டும். வழக்கத்தை மீறுவது என்றால், முல்லைத்தீவின் வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குத்தான் போக வேண்டும்.

அங்கே குடியிருப்பவள் கண்ணகி. கணவனைப் பறிகொடுத்து, தலைவிரி கோலமாய் அரசவை ஏறி நியாயம் கேட்டு, மார்பைத் திருகி எறிந்து மதுரையை எரித்தவள். அதன் பிறகு அவள் இங்கு வந்து தங்கினாள் என்பது ஊரின் ஐதீகம். கிழவி உருவில் வந்து, எண்ணெய்க்குப் பதில் கடல்நீரில் விளக்கேற்றச் செய்தாளாம். வைகாசிப் பொங்கலுக்கு இன்றும் கடல்நீர் எடுத்து விளக்கெரிக்கிறார்கள். எந்தக் கோலால் அளந்தாலும் கண்ணகியின் துயரம் எல்லை கடந்தது. முல்லைத்தீவு அடங்கிய வன்னி அதை நோயென்று பார்க்கவில்லை, கும்பிட்டது. போரில் இறந்தோருக்கான மே மாத நினைவேந்தலும் வைகாசிப் பொங்கலும் அடுத்தடுத்து வருவது தற்செயல்தான். என்றாலும் நியாயம் கேட்கும் பெண் இந்த மண்ணுக்குப் புதியவளல்ல.

இதிலேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. துயரத்தைத் தெய்வமாக்கிவிட்டால் மருந்து தேவைப்படுகிறவளும் தேவியாகவே விடப்படுவாள். போர் முடிந்த கையோடு, 2009 யூலை முதல் செப்டெம்பர் வரை யாழ்ப்பாண மாவட்டத்தில் எடுத்த ஆய்வொன்றில், மனவடு நோயின் அறிகுறிகள் 7 வீதத்தினரிடம் இருந்தன, பதகளிப்பு 32.6 வீதம், மனச்சோர்வு 22.2 வீதம். வெளியார் தேடி வந்தது முதலாவதை. அதிகமாக இருந்தவை மற்ற இரண்டும். மனச்சோர்வுக்குப் பேயாட்டம் தேவையில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் விருப்பமின்றி, உறக்கமும் பசியும் கெட்டு, தன்னையே குற்றவாளியாக்கி, சாகலாம் என்ற நினைப்பும் தலைகாட்டினால் சிகிச்சை வேண்டும். காரணம் நியாயமானது என்பதற்காக நோய் நோயில்லாமல் போய்விடாது. தலையிடி, நெஞ்சு இறுக்கம் என்று உடம்பின் பெயரில் அது வரும்போது கண்டுகொள்வது இன்னும் கடினம்.

யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் வன்னி மக்களைப் பற்றி 2010இல் எழுதியபோது, தனியாளின் நோய்க்கு அப்பால் கூட்டு மனவடு என்று ஒன்றைச் சுட்டினார். அறுந்தது ஒருவரின் நரம்பு மட்டுமல்ல. அயலும் நம்பிக்கையும் சடங்கும் சேர்ந்தே அறுந்தன. வியட்நாம் போரில் காணாமற்போன அமெரிக்கப் படையினரின் குடும்பங்களை ஆராய்ந்த போலின் பொஸ்ஸும் இதற்குக் கிட்டவே வந்தார்: கோளாறு ஆளிடம் இல்லை, அவர் சிக்கிய நிலையில் இருக்கிறது.

அப்படியானால் தூக்கமின்மைக்குக் குளிசை கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். பிள்ளை எங்கே என்ற கேள்வியை அறிகுறிகளின் பட்டியலில் சேர்ப்பதுதான் தவறு. 2016இல் இலங்கை நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, ஆளைக் காணவில்லை என்று மட்டும் சொல்லி, இறந்தார் என்று சொல்லாத சான்றிதழ் ஒன்றுக்கு வழி செய்தது. உயிருக்கும் சாவுக்கும் நடுவே ஒரு நிலை உண்டென்று சட்டம் ஒத்துக்கொண்டு ஆறு ஆண்டுகள் கழித்து வந்த கையேட்டின் துயர நிபந்தனைகளில் அதற்கென ஒரு வரி இல்லை. முல்லைத்தீவுத் தாய்க்கு மருத்துவர் ஒரு பெயர் எழுத வேண்டுமென்றால், மனச்சோர்வு, பதகளிப்பு போன்ற ஏற்கெனவே உள்ள பெயர்களில்தான் தேட வேண்டியிருக்கிறது.