‘காம்ப்’ என்றொரு சொல்



செட்டிகுளப் பகுதியிலே வயது முதிர்ந்த ஒரு தாயிடம் ஆங்கிலம் தெரியுமா என்று கேட்டால், இல்லை என்றே தலையாட்டுவார். ஆனால் ‘காம்ப்’ என்ற சொல் அவருக்கு நன்றாகத் தெரியும். அகராதியில் படித்த சொல் அல்ல அது. தண்ணீருக்கு வரிசையில் நின்று படித்த சொல்.

சொல் ஒன்று, பொருள் பல. இராணுவம் தங்குமிடமும் காம்ப். வைத்தியர்கள் கிராமத்துக்கு வந்து இலவசமாக நோய் பார்ப்பதும் காம்ப். சாரணச் சிறுவர்கள் கூடாரமடித்துப் பாடி மகிழ்வதும் காம்ப். அகதிகள் அடைபட்டிருப்பதும் காம்ப்.

இதன் வேரைத் தேடினால் திருச்சபையின் பழைய மொழியாகிய இலத்தீனுக்கே வந்து சேருவோம். ‘காம்புஸ்’ என்றால் அங்கே வயல், திறந்தவெளி என்று பொருள். வெளியிலே படைகள் பொருதியபடியால் போர்க்களத்துக்கும், பின்னர் படைகள் தங்கிய பாளையத்துக்கும் அதுவே பெயராயிற்று. வெற்றி வீரனைச் ‘சாம்பியன்’ என்கிறோம். பல்கலைக்கழகத்தைக் ‘கம்பஸ்’ என்கிறோம். இவையும் அதே வேரில் முளைத்தவையே. நாம் வழங்கும் ‘முகாம்’ கூட அரபு மொழி தந்த சொல். தங்குமிடம் என்பதே அதன் பொருள்.

திறந்தவெளியைக் குறித்த சொல் முட்கம்பி வேலியைக் குறிக்கலாயிற்று! 2009ஆம் ஆண்டிலே அருவியாற்றின் ஓரமாகக் காடு வெட்டப்பட்டு, மெனிக் பாமில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் தறப்பாள் கொட்டில்களில் வைக்கப்பட்டார்கள். ‘பாம்’ என்றால் பண்ணை. பெயரிலே பண்ணை இருந்தது. உழுது விதைத்த கைகளுக்கோ அங்கே வேலை இருக்கவில்லை. 2012 செப்டெம்பரில் அம்முகாம் மூடப்பட்டது. ஆயினும், கடைசியாகப் புறப்பட்ட கேப்பாப்புலவு மக்கள் சொந்தக் காணிக்கல்ல, வேறிடத்துக்கே கொண்டுபோகப்பட்டார்கள்.

இந்தச் சொல்லுக்கு வேதம் தரும் பொருள் என்ன? வார்த்தையானவர் மனிதராகி நம்மிடையே வாழ்ந்ததைக் கூறும் அருளப்பர், கிரேக்க மொழியில் ‘கூடாரமடித்தார்’ எனப் பொருள்படும் சொல்லையே எழுதினார். ஆண்டவர் மாளிகையிலிருந்து நம்மைப் பார்த்தவரல்லர். நமது தறப்பாளின்கீழ் வந்து தங்கியவர். எபிரேயர் நிருபத்தின் 13ஆம் அதிகாரமோ, நகர வாயிலுக்கு வெளியே பாடுபட்ட இயேசுவிடம் பாளையத்தை விட்டு வெளியேறிச் செல்லுமாறு நம்மை அழைக்கிறது.

அன்பர்களே, அன்று பிறர் போட்ட வேலிக்குள் ஒரு பானைச் சோற்றைப் பகிர்ந்து உண்டோம். இன்று கல்வீடு கட்டியபின், ஒரு முழ எல்லைக்காக அயலவனோடு வழக்காடுகிறோம். வேலி அகன்றது, அதை நாமே மறுபடி நடுகிறோம் அல்லவா?

இன்றிரவு செபமாலை முடிந்ததும், அந்நாட்களில் உங்களோடு சோறும் தண்ணீரும் பகிர்ந்த குடும்பத்தின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அவர்களில் இன்னும் காணியின்றி இருப்போரை, காணாமற்போன பிள்ளைக்காகக் காத்திருப்போரைத் தேடிச் செல்லுங்கள். பாளையத்துக்கு வெளியே நிற்கும் ஆண்டவரை அங்கே காண்பீர்கள்.

2008 ஏப்ரலில் தம் ஆலயத்திலிருந்து இடம்பெயர்ந்து, ஆகஸ்டில் வீடு திரும்பிய மருதமடு அன்னை நமக்குத் துணைநிற்பாராக. ஆமென்.